திரையில் திணிக்கப்படும் நாயகர்கள்: டர்பனில் அடிக்கடி காதில் விழும் கேள்விகள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு வந்து பதினாறு வருஷம் ஆகிறது. சனிக்கிழமை காலையில், இந்திய வம்சாவளியினர் நிறைய வாழும் சாட்ஸ்வொர்த்தில் பெரியவர்களுக்குத் தமிழ் வகுப்பு எடுக்கிறேன். வகுப்பு ஒன்பதரைக்கு ஆரம்பிக்கும். பத்தரைக்கெல்லாம் வேற்றுமை உருபு போய் சினிமா வந்து உட்கார்ந்துவிடும். அதில் திரும்பத் திரும்ப வருவது ஒரே ஆதங்கம்தான்: "இந்த ஹீரோவ யாருக்குமே பிடிக்கல, அப்புறம் ஏன் வருஷத்துக்கு மூணு படம் வருது?"

ஒவ்வொரு முறையும் வாயால் சொல்லி அலுத்துப்போய் எழுதி வைத்தேன். பாதிக் கேள்விகள் ஆங்கிலத்தில் வந்தவை. கேட்டவர் தமிழில் பேசியிருந்தால் எப்படிக் கேட்டிருப்பாரோ அப்படிப் போட்டிருக்கிறேன்.

திணிக்கிறாங்கன்னு எல்லாரும் சொல்றாங்க. யாரும் கழுத்தைப் பிடிச்சு தியேட்டருக்குள்ள தள்ளலையே, அப்புறம் என்ன திணிப்பு?

கழுத்தைப் பிடிப்பதில்லை, உண்மைதான். ஒரு நடிகரைப் பார்க்க மக்கள் காட்டும் ஆசை ஒரு அளவு. அவரைக் காட்டுவதற்குத் தயாரிப்பாளர் செலவழிக்கும் பணமும் இடமும் இன்னொரு அளவு. இரண்டாவது முதலாவதை விட வெகுவாகப் பெரிதாகி, படத்துக்குப் படம் அப்படியே தொடர்ந்தால் அதைத்தான் நாம் திணிப்பு என்கிறோம்.

ஒரு படம் ஓடாமல் போனால் அது திணிப்பு ஆகாது. புதுமுகத்துக்குப் பெரிய போஸ்டர் ஒட்டினாலும் ஆகாது. யாருடைய படமும் ஓடாமல் போகலாம், புது ஆளை யாராவது அறிமுகம் செய்துதான் ஆக வேண்டும். நான்கு படம் காலியான அரங்கில் ஓடிய பிறகும் ஐந்தாவதற்கு அதே அளவு பேனர் கட்டும்போதுதான் கேள்வி வருகிறது.

நடிக்கத் தெரியாதவங்களைத்தானே இப்படித் தள்ளுவாங்க?

அப்படி நினைப்பதுதான் எல்லாரும் செய்யும் முதல் தப்பு. அமெரிக்காவில் மரியன் டேவிஸ் என்று ஒரு நடிகை இருந்தார். பத்திரிகை அதிபர் வில்லியம் ராண்டால்ஃப் ஹர்ஸ்ட் அவருக்காகவே பட நிறுவனம் நடத்தினார், தன் செய்தித்தாள்களில் எல்லாம் அவரைப் புகழ்ந்து எழுத வைத்தார். டேவிஸுக்கு நகைச்சுவை அருமையாக வரும். ஹர்ஸ்டுக்கு அது போதவில்லை. ராஜகுமாரி உடையில், கண்ணீரும் கம்பீரமுமாக அவரைப் பார்க்கவே ஆசைப்பட்டார். வந்ததை விட்டுவிட்டு வராததைச் செய்யச் சொன்னால் யாருக்குத்தான் பிடிக்கும்? மக்கள் அலுத்துக்கொண்டார்கள். இன்றைக்கும் அவரைத் திறமையில்லாதவர் என்று நினைப்பவர்கள் நிறைய. அந்தப் புகழ்ச்சி செய்த கெடுதல் அது.

தள்ளிவிடப்படும் நடிகருக்கும் இதில் நஷ்டம் உண்டு என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் மறந்துவிடுவேன்.

இதெல்லாம் இப்போ சோஷியல் மீடியா வந்த பிறகு ஆரம்பிச்சதுதானே?

தொண்ணூறு வருஷத்துக்கும் மேலான பழைய வியாதி. 1932-இல் சாமுவேல் கோல்ட்வின் என்ற தயாரிப்பாளர் அன்னா ஸ்டென் என்ற நடிகையை ஐரோப்பாவிலிருந்து ஹாலிவுட்டுக்கு அழைத்து வந்தார். கீவில் பிறந்தவர், சோவியத் படங்களிலும் ஜெர்மன் படங்களிலும் நடித்தவர். அப்போது எம்.ஜி.எம். நிறுவனத்திடம் பெரிய நட்சத்திரமான கிரெட்டா கார்போ இருந்தார், கோல்ட்வினுக்குத் தனக்கும் ஒரு கார்போ வேண்டும். ஆங்கிலம் சொல்லிக்கொடுக்க ஆள் வைத்தார், படம் வருவதற்கு முன்பே ஊர் முழுக்க முகத்தைப் பரப்பினார். 1934-லும் 1935-லுமாக மூன்று படங்கள். விளம்பர வேகத்தில் முதலாவதற்குக் கூட்டம் வந்தது, அப்புறம் வடிந்துவிட்டது. ஒப்பந்தமும் முடிந்தது. அதற்குள் கோல்ட்வின் அவருக்கு உச்சரிப்புச் சொல்லிக்கொடுத்த கதை 1934-இல் வந்த கோல் போர்ட்டரின் பாட்டு ஒன்றில் கிண்டலாக ஏறிவிட்டது. இன்றைய மீம் அன்று பாட்டாக வந்தது, வித்தியாசம் அவ்வளவுதான்.

நம் பக்கமும் ஸ்டுடியோ காலம் என்று ஒன்று இருந்தது. சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ், சென்னை ஜெமினி போன்ற இடங்களில் நடிகர்கள் மாதச் சம்பளத்தில் இருந்தார்கள். சம்பளம் கொடுக்கும் ஆளைச் சும்மா உட்கார வைக்க எந்த முதலாளிக்கும் மனசு வராது.

ஓடாத நடிகரைத் தூக்கிவிட்டு கம்பெனிக்கு என்ன லாபம்? அவங்க பணம்தானே போகுது?

பெரும்பாலும் பணம் ஏற்கனவே போய்விட்டது என்பதுதான் காரணம். ஒரு நடிகரிடம் மூன்று நான்கு படங்களுக்குச் சேர்த்துக் கையெழுத்து வாங்கிவிடுவார்கள். புதிதாக இருக்கும்போது சம்பளம் குறைவு. நாளைக்கு அவர் பெரிய ஆளானால் அதே குறைந்த சம்பளத்தில் பெரிய நட்சத்திரம் கையில் இருக்கும் என்பது கணக்கு. அந்த நாளை வரவழைக்கத்தான் இத்தனை விளம்பரம். ஒரே நேரத்தில் நான்கைந்து இடத்தில் இந்தக் கணக்கைப் போடுகிறார்கள் என்பதும் சிக்கல். முதல் படம் வந்து மக்கள் என்ன சொன்னார்கள் என்று தெரிவதற்குள் இரண்டாவது படம் முடிந்திருக்கும், மூன்றாவதற்கு செட் போட்டிருப்பார்கள்.

டெய்லர் கிட்ஷ் நல்ல உதாரணம். அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர் ஒன்றில் அமெரிக்கக் கால்பந்து வீரராக நடித்து உண்மையாகவே ரசிகர்களைச் சம்பாதித்தவர். 2012 மார்ச்சில் டிஸ்னியின் 'ஜான் கார்ட்டர்', மே மாதம் யுனிவர்சலின் 'பேட்டில்ஷிப்'. இரண்டிலும் அவர்தான் நாயகன், இரண்டும் பிரம்மாண்டச் செலவு. முதல் படத்தால் ஏறத்தாழ 20 கோடி டாலர் நஷ்டம் என்று டிஸ்னியே அறிவித்தது. இரண்டாவது வரும்போது 'இந்த ஆளை ஏன் திணிக்கிறார்கள்?' என்று பத்திரிகைகள் கேட்க ஆரம்பித்துவிட்டன. யோசித்துப் பாருங்கள்: இரண்டு தனித்தனி நிறுவனங்கள், ஒன்றின் திட்டம் மற்றதன் கையில் இல்லை. பார்ப்பவருக்கு மட்டும் அது ஒரே சதியாகத் தெரிந்தது.

மக்களுக்கு வேண்டாம்னா தியேட்டர்காரர் ஏன் படத்தைப் போடறார்? அவருக்கு டிக்கெட் விக்க வேண்டாமா?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதில் படிக்க நேரம் இருந்தால் இதைப் படியுங்கள். சினிமாவில் டிக்கெட் வாங்குகிற நாம் கடைசி ஆள். நமக்கு முன்னால் வரிசையாக இரண்டு மூன்று பேர் படத்தை வாங்கியிருப்பார்கள். தயாரிப்பாளர் தன் சரக்கை முதலில் விற்பது அவர்களிடம். அவர்கள் வாங்கிவிட்டால் அவர் வேலை முக்கால்வாசி முடிந்தது.

ஹாலிவுட்டில் 'பிளாக் புக்கிங்' என்று ஒரு முறை இருந்தது. மேரி பிக்ஃபோர்ட் படத்துக்கு ஊரே காத்திருக்கிறது என்றால், அந்தப் படம் வேண்டும் என்கிற தியேட்டர்காரர் கூடவே அதே நிறுவனத்தின் இன்னும் பல படங்களை, சிலவற்றைப் பார்க்காமலே, எடுத்துக்கொண்டாக வேண்டும். நல்ல கத்திரிக்காய் நாலு வேண்டுமென்றால் சொத்தைக் கத்திரிக்காயையும் சேர்த்துத்தான் எடை போடுவேன் என்கிற காய்கறிக்காரர் மாதிரி. ஆளில்லாத நடிகர்கள் அந்த மூட்டைக்குள் ஒளிந்துதான் வந்தார்கள். தியேட்டர்காரர்கள் பொறுத்துப் பார்த்து, 1938 மே மாதம் நியூயார்க் பக்கத்துச் சுதந்திரத் திரையரங்கு உரிமையாளர் சங்கம் ஒரு முழுப்பக்க விளம்பரம் கொடுத்தது. சம்பளம் வானளவு, கூட்டமோ இல்லை என்று பெயர் பெயராகப் பட்டியல்: கிரெட்டா கார்போ, ஜோன் கிராஃபோர்ட், கேத்தரின் ஹெப்பர்ன், மார்லீன் டீட்ரிக், மே வெஸ்ட், ஃபிரெட் அஸ்டேர் என்று போயிற்று. 'பாக்ஸ் ஆபீஸ் விஷம்' என்ற சொல் அங்கிருந்துதான் ஊர் வாயில் ஏறியது. மூட்டை விற்பனையை 1948-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் முடித்து வைத்தது.

தமிழ்நாட்டில் மினிமம் கேரண்டி, எங்கள் ஊர்ப் பேச்சில் எம்.ஜி. விநியோகஸ்தர் ஒரு ஏரியாவுக்கு இவ்வளவு என்று பேசிப் பணத்தைக் கட்டிவிடுவார். படம் படுத்தால் நஷ்டம் அவருடையது. 2002-இல் 'பாபா' படம் எதிர்பார்த்த அளவு போகாதபோது ரஜினிகாந்த் விநியோகஸ்தர்களுக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார். பெரிய மனசுதான், மறுக்கவில்லை. அதே படத்தைக் காசு கொடுத்துப் பார்த்த எனக்கு யாரும் எதுவும் திருப்பித் தரவில்லை, நானும் கேட்கவில்லை. உண்மையான வாடிக்கையாளர் யார் என்பது அதிலேயே தெரிந்துவிடுகிறது.

அந்த 'விஷம்' பட்டியல்ல இருந்தவங்க எல்லாம் அதோட காணாமப் போயிட்டாங்களா?

அப்படிப் போயிருந்தால் கதை சப்பென்று இருக்கும். ஹெப்பர்ன் தன் நிறுவனத்திடமிருந்து ஒப்பந்தத்தைப் பணம் கொடுத்து முறித்துக்கொண்டு நாடக மேடைக்குப் போனார். அங்கே வெற்றி பெற்ற நாடகத்தின் பட உரிமை அவர் கையிலேயே இருந்தது. 1940-இல் அது படமாகி ஓடு ஓடென்று ஓடியது. கிராஃபோர்ட் நிறுவனம் மாறி, 1945-இல் வந்த ஒரு படத்துக்கு ஆஸ்கர் வாங்கினார். அஸ்டேர் பாட்டுக்கு இன்னும் முப்பது வருஷம் ஆடினார்.

தியேட்டர்காரர்கள் சொன்னது பொய்யா? அந்த வருஷத்துக்கு அது உண்மை. மக்களுக்கு அந்த நடிகர்கள் மேல் வெறுப்பு இருந்ததில்லை, அவர்களுக்குக் கொடுத்த வேஷங்கள் மேல்தான் அலுப்பு இருந்தது.

வாரிசு நடிகர்னாலே திணிப்புதான், இதுல என்ன சந்தேகம் அண்ணா?

சந்தேகம் உண்டு தம்பி. விஜய்யை எடுத்துக்கொள்ளுங்கள். 1992-இல் 'நாளைய தீர்ப்பு' படத்தில் அவரை நாயகனாக்கியது இயக்குநரான அவருடைய அப்பா எஸ்.ஏ.சந்திரசேகர். அது ஓடவில்லை. அடுத்த வருஷம் 'செந்தூரபாண்டி'. அதில் விஜயகாந்த் கூட இருந்தார். அதாவது, மக்களுக்கு ஏற்கனவே பிடித்த ஒருவரின் நிழலில் பையனை நிறுத்தினார்கள். மேலே சொன்ன கத்திரிக்காய் வியாபாரத்தின் குடும்ப வடிவம் அது. அப்புறமும் அப்பாவே மாற்றி மாற்றி எடுத்தார். 1996-இல் விக்ரமன் இயக்கிய 'பூவே உனக்காக' வந்த பிறகுதான் பெண்களும் குடும்பங்களும் அவரைத் தங்கள் ஆளாக எடுத்துக்கொண்டார்கள். நடுவில் நான்கு வருஷம். 1994-இல் யாராவது 'இந்தப் பையனைத் திணிக்கிறார்கள்' என்று சொல்லியிருந்தால் அது தப்பா? அன்றைக்குச் சரி. பின்னால் நடந்ததைப் பார்த்தவர்களுக்கு அபத்தம்.

ஆனால் இன்னொரு பக்கமும் இருக்கிறது. அப்பா இயக்குநராக இல்லாத பையனுக்கு அந்த நான்கு வருஷம் கிடைத்திருக்காது. வாரிசுக்குக் கிடைக்கும் உண்மையான சொத்து முதல் வாய்ப்பு என்று எல்லோரும் நினைக்கிறார்கள். முதல் வாய்ப்பு யாருக்கும் எப்படியாவது கிடைத்துவிடும். தோற்ற பிறகு கிடைக்கும் ஐந்தாவது வாய்ப்புதான் சொத்து. பார்ப்பவர்களுக்கு வரும் எரிச்சல் அதன் மேல்தான், முகத்தின் மேல் கூட இல்லை.

அப்போ யாரும் தூக்கிவிடாம தானா மேல வந்தவங்க யாரு?

எம்.ஜி.ஆர். முதலில் திரையில் தோன்றியது 1936-இல், சின்ன வேஷத்தில். நாயகனானது 1947-இல் 'ராஜகுமாரி' படத்தில். பதினோரு வருஷம் இன்ஸ்பெக்டராகவும் சிவபெருமானாகவும் காத்துக்கிடந்தார். விக்ரம் 1990-இல் வந்தவர். அஜித்துக்கும் பிரபுதேவாவுக்கும் பின்னணிக் குரல் கொடுத்துக்கொண்டு காலம் தள்ளினார். 1999 கடைசியில் வந்த 'சேது' படத்தை வாங்கவே ஆள் இல்லை. வெளியான பிறகு பார்த்தவர் பார்க்காதவருக்குச் சொல்லிச் சொல்லித்தான் அரங்கு நிறைந்தது.

நம் தென்னாப்பிரிக்காவிலேயே ஒருவர் இருக்கிறார். ஷார்ல்டோ காப்ளி. 2009-இல் சோவெட்டோவில் எடுத்த 'டிஸ்ட்ரிக்ட் 9' படத்துக்கு முன் அவர் ஒரு முழுநீளப் படத்தில் நடித்ததே கிடையாது. மூன்று கோடி டாலர் படம் இருபது கோடியைத் தாண்டி வசூலித்தது, நாயகன் முகமே இல்லாத போஸ்டர்களோடு. 'மனிதர்களுக்கு மட்டும்' என்ற பலகை மாதிரியான விளம்பரம்தான் பேசப்பட்டது. நிறவெறிக் காலத்தில் அந்த மாதிரிப் பலகைகளைப் பார்த்து வளர்ந்த என் மாணவர் ஒருவர், அந்த விளம்பரம் ஒன்றே தன்னைத் தியேட்டருக்கு இழுத்தது என்றார். அவருக்கு எழுபது வயது. வேற்றுக்கிரகவாசி படம் அவர் பார்த்தது அது ஒன்றுதான்.

ஆனா ரஜினி சுத்தமா மக்களே உருவாக்குன ஸ்டார். சூப்பர் ஸ்டார் பட்டமும் மக்கள் கொடுத்ததுதான். சரிதானே?

பாதி சரி. 1975-இல் சின்ன வேஷத்தில் வந்து வில்லனாகப் பேர் வாங்கி மேலே வந்தவர், யாரும் கைபிடித்துத் தூக்கவில்லை. ஆனால் அந்தப் பட்டம்? 1978-இல் அவர் தனி நாயகனாக நடித்த 'பைரவி' படத்தைச் சென்னையில் வெளியிட்டவர் கலைப்புலி எஸ்.தாணு. பிளாசா தியேட்டரில் ஆளுயரத்தை எல்லாம் தாண்டிய கட்அவுட் வைத்து, போஸ்டரில் 'சூப்பர் ஸ்டார்' என்று போட்டவர் அவர்தான். ஒரு விநியோகஸ்தரின் விளம்பர யோசனை அது. முந்தைய பதிலில் தானாக வந்தவர்கள் என்று சொன்னேனே, அதில் எந்தப் பெயரைத் தோண்டினாலும் இப்படி யாராவது ஒருவர் பின்னால் நிற்பார். சிவாஜிக்குக் கூட அப்படித்தான். 'பராசக்தி' படப்பிடிப்பில் ஏவி.எம். தரப்புக்கு அந்த ஒல்லிப் பையன் மேல் நம்பிக்கை வரவில்லை, கூட்டுத் தயாரிப்பாளர் பி.ஏ.பெருமாள் முதலியார் பிடிவாதமாக நின்றார். 1952 தீபாவளிக்குப் படம் வந்தது. பிடிவாதம் என்று இன்று பாராட்டுகிறோம். படம் படுத்திருந்தால் திணிப்பு என்றிருப்போம்.

நம்ம டர்பன்ல முதல் நாள் ஹால்ல எட்டு பேர்தான் இருந்தோம். அந்த ஹீரோ அவ்வளவுதானா?

முதலில் அது எந்த வாரம் என்று சொல்லுங்கள். ஈஸ்டர் விடுமுறையில் வந்த படம் என்றால், நம் ஜனங்களில் பாதிப் பேர் மவுண்ட் எட்ஜ்கூம்ப் மாரியம்மன் கோயில் திருவிழாவிலும் மீதிப் பேர் இசிப்பிங்கோ கோயில் திருவிழாவிலும் இருந்திருப்பார்கள். சித்திரை மாதத்தைக் குறிவைத்துச் சென்னையில் தேதி குறிப்பவருக்கு இது தெரியாது. லோட் ஷெட்டிங் என்கிற மின்வெட்டு உச்சத்தில் இருந்த நாட்களில் வந்த படங்களையும் கணக்கில் சேர்க்காதீர்கள்.

அப்புறம், அந்தப் படம் ஏன் இங்கே வந்தது என்பதையும் பாருங்கள். வெளிநாட்டு உரிமையைச் சினிமாக்காரர்கள் எஃப்.எம்.எஸ். என்பார்கள். பெரும்பாலும் ஒருவர் மொத்தமாக வாங்கி நாடு நாடாகப் பிரித்துக் கொடுப்பார். மலேசியாவையும் வளைகுடாவையும் மனதில் வைத்துப் போடும் கணக்கில் டர்பன் கொசுறு. இங்கே எட்டு பேர் வந்தாலும் எண்பது பேர் வந்தாலும் அந்த நாயகனின் அடுத்த படம் நிற்கப் போவதில்லை. கேட்க வருத்தமாக இருக்கும், ஆனாலும் நாம் அந்தத் தராசில் இல்லவே இல்லை.

எங்க தாத்தா காலத்துல ஷா ஜஹான்லயும் அவலான்லயும் எல்லா ஹீரோவையும் கொண்டாடுனாங்களாமே. அப்போ திணிப்பே இல்லையா?

கிரே தெரு (இப்போது யூசுஃப் தாதூ தெரு) வட்டாரத்து அரங்குகளைப் பற்றிப் பெரியவர்கள் பேச ஆரம்பித்தால் எனக்கு வகுப்பே தேவையில்லை. அங்கே நடந்தது வேறு மாதிரி. 1946-இல் இந்தியா தென்னாப்பிரிக்காவோடு வர்த்தகத்தை நிறுத்தியது. உறவு மீண்டது 1993-இல். நடுவில் படங்கள் வந்தன, ஆனால் சுற்றிவளைத்து, காலம் கடந்து. ஒரு படம் இங்கே வந்து சேர்வதற்குள் சென்னையில் அந்தக் கட்அவுட்டைப் பிரித்து விறகாக்கியிருப்பார்கள். 1976 வரை இந்த நாட்டில் தொலைக்காட்சியே இல்லை, லோட்டஸ் வானொலி வந்தது 1983-இல். ஆகவே விளம்பரம் கடலிலேயே கரைந்துவிட்டது, படம் மட்டும் வந்தது. ஓடிய படத்தைத்தான் அரங்குக்காரர் வரவழைப்பார், மக்கள் கேட்டால்தான் மறுபடி போடுவார். திணிக்க நினைத்தாலும் வழி இல்லை.

இன்று தலைகீழ். படத்துக்கு முன்னால் டீசர், அதற்கு முன்னால் டீசருக்கான அறிவிப்பு, எல்லாம் அதே நிமிஷம் நம் கைக்கு வந்துவிடுகிறது. வராமல் போனது ஒன்றே ஒன்று: படம் விட்டு வெளியே வந்து டீக்கடையில் நின்று நாலு பேர் திட்டும் சத்தம். விளம்பரத்தை முழுசாகவும் ஊர் அபிப்பிராயத்தை அரைகுறையாகவும் பெறுகிற நமக்கு எந்த நாயகனைப் பார்த்தாலும் திணிப்பு மாதிரித் தெரிவதில் ஆச்சரியம் இல்லை. டர்பனில் இந்தக் கேள்வி இவ்வளவு அதிகமாக வர அதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

சப்டைட்டில் படிச்சுப் பாக்கற எங்களுக்கு ஒருத்தர் ஏன் பெரிய ஸ்டார்னு புரியவே மாட்டேங்குது. அவரும் திணிப்பா?

இல்லை, அது மொழிபெயர்ப்பின் பாவம். பேச்சில் ஜெயிக்கும் நடிகர்கள் உண்டு. மதுரைக்காரர் மாதிரி இழுப்பது, ஒரு சொல்லை முழுங்குவது, நக்கலை முகத்தில் காட்டாமல் குரலில் வைப்பது. இதெல்லாம் கீழே ஓடும் ஆங்கில வரியில் வராது. ஆடுகிறவர், அடிக்கிறவர், சிகரெட்டைத் தூக்கிப் போட்டுப் பிடிக்கிறவர் கடல் தாண்டுவார்கள். என் வகுப்பில் எம்.ஜி.ஆர். ரசிகர்கள் அதிகம், சிவாஜி ரசிகர்கள் தமிழ் நன்றாகத் தெரிந்த சில பெரியவர்கள் மட்டும். காரணம் இதுவாகத்தான் இருக்க வேண்டும்.

ஓடிடி-யில 'இன்றைய நம்பர் 1'னு போடுதே, அப்போ மக்களுக்குப் பிடிச்சிருக்குன்னுதானே அர்த்தம்?

நிறையப் பேர் அதைத் திறந்தார்கள் என்று அர்த்தம். முதல் பக்கத்தில் முக்கால் திரைக்கு அந்த முகத்தைப் போட்டால் திறக்கத்தான் செய்வார்கள். இருபது நிமிஷத்தில் சப்பாத்தி திருப்ப எழுந்து போனவர்களும் அதில் சேர்த்தி. தியேட்டர்காரர் பதிலில் சொன்ன வரிசையை நினைத்துக்கொள்ளுங்கள். இங்கே முன்கூட்டி வாங்கியவரும் காட்டுகிறவரும் ஒருவரே.

சொந்தக் காசைப் போட்டு ஒருத்தர் ஹீரோ ஆனா, அதுவும் திணிப்பா? அவர் பணம், அவர் ஆசை.

என்னைக் கேட்டால் அது திணிப்பில் சேராது. சென்னைக் கடை முதலாளி சரவணன் 2022-இல் 'தி லெஜண்ட்' படத்தில் தானே நாயகனாக நடித்து, தானே தயாரித்து, பல மொழிகளில் வெளியிட்டார். கிண்டல் நிறைய வந்தது. ஆனால் அவர் யாரையும் ஏமாற்றவில்லை. ஐம்பது வயதில் ஆசைப்பட்டார், பில்லையும் அவரே கட்டினார்.

அடுத்தவர் பணத்தில் செய்தால்தான் கதை மாறுகிறது. ரிபப்ளிக் பிக்சர்ஸ் முதலாளி ஹெர்பர்ட் யேட்ஸ், செக்கோஸ்லோவாக்கியாவிலிருந்து வந்த ஐஸ் ஸ்கேட்டிங் வீராங்கனை வேரா ரால்ஸ்டனைப் படத்துக்குப் படம் நாயகியாக்கினார், 1952-இல் கல்யாணமும் செய்துகொண்டார். நிறுவனத்தில் பங்கு வைத்திருந்தவர்கள் 'எங்கள் பணத்தில் உன் மனைவியை நட்சத்திரமாக்குகிறாயா?' என்று நீதிமன்றம் வரை போனார்கள்.

சரி, ஒருத்தரைத் தள்றாங்களா, நிஜமாவே மக்களுக்குப் பிடிச்சிருக்கான்னு வீட்டுல உக்காந்துகிட்டே எப்படிக் கண்டுபிடிக்கிறது?

முழு நிச்சயத்தோடு முடியாது. நான் பார்ப்பது இதைத்தான். வெள்ளிக்கிழமைக் கூட்டத்தை விட்டுவிடுவேன், அது விளம்பரத்தின் கூட்டம். திங்கள், செவ்வாய்க் காட்சி எத்தனை இருக்கிறது என்று முன்பதிவுப் பக்கத்தில் பார்ப்பேன். மக்களுக்குப் பிடித்தால் இரண்டாம் வாரம் காட்சி கூடும், குறைந்தால் சந்தேகம். அவர் பெயரை மட்டும் போட்டு, பெரிய இயக்குநரோ பெரிய இசையமைப்பாளரோ கூட இல்லாமல் ஒரு படம் வந்து ஓடியிருக்கிறதா என்றும் பார்ப்பேன். கல்யாண வீட்டில் பையன்கள் அவர் மாதிரி ஆடிக்காட்டுகிறார்களா? அதை எந்த நிறுவனமும் காசு கொடுத்து வாங்க முடியாது. பாட்டை வாங்கலாம், பசங்களை வாங்க முடியாது.

இதற்கும் பிடிபடாத ஆட்கள் உண்டு. அமிதாப் பச்சன் 1969-இல் வந்து, 1973-இல் 'சஞ்சீர்' வரும்வரை பெரும்பாலும் தோல்விகள். என் சோதனையை 1972-இல் வைத்திருந்தால் அவரை வீட்டுக்கு அனுப்பியிருப்பேன்.

இவ்வளவு பேசறீங்க, இப்போ யாரைத் திணிக்கறாங்கன்னு பேரைச் சொல்லுங்களேன் சார்!

ஒவ்வொரு சனிக்கிழமையும் இந்தக் கேள்வியோடுதான் வகுப்பு முடிகிறது. சொல்ல மாட்டேன். பயம் இல்லை. போன வருஷம் ஒரு பெயரைச் சொல்லிவிட்டேன். முன் வரிசையில் இருந்த ஆன்ட்டி ஒருவர் அந்த நடிகரின் எல்லாப் படத்தையும் பார்த்தவராம். மூன்று வாரம் அவர் என் வகுப்புக்கு வரவில்லை. நாலாவது வாரம் வந்தார். பையிலிருந்து ஒரு பழைய டிவிடியை எடுத்து மேஜையில் வைத்து, "இதை முழுசாப் பாத்துட்டு அப்புறம் பேசுங்க" என்றார். பார்த்தேன். இரண்டாம் பாதியில் அப்பா செத்த செய்தி கேட்டு அந்த ஆள் ஒன்றும் பேசாமல் செருப்பைத் தேடுகிற காட்சி ஒன்று இருக்கிறது. டிவிடியை இன்னும் திருப்பிக் கொடுக்கவில்லை.